ஆங்கிலக் கண்ணாடியில் செருமானியச் சொற்கள்

செருமன் மொழி பயிலப் புகும் நம் இளைஞர் பெரும்பாலோர்க்கு வாய்ப்பது செருமன்–ஆங்கில அகரமுதலியே. அதில் 'மேட்சென்' என்றால் 'கேர்ள்'. 'பிராய்லைன்' என்றால் 'மிசு'. பொருள் விளங்கிற்று என்றெண்ணிப் பக்கத்தைப் புரட்டிவிடுகின்றனர். விளங்கியது பாதியே.

'பிரௌ' என்பது தலைவி, பெருமாட்டி. அதனோடு 'லைன்' என்னும் குறுமைப்பொருள் ஈறு சேரின் 'பிராய்லைன்'. நேர்பொருள் 'சிறு தலைவி'. முற்காலத்தே அஃது உயர்குடி மகளிர்க்கே உரிய மதிப்புச் சொல். 1808-இல் வெளிவந்த கெதேயின் 'பௌசுட்டு' நாடக முதற்பகுதியில், தெருவில் தன்னை அவ்வாறு விளித்தவனிடம், தான் அத்தகையவள் அல்லள் என மறுத்துச் செல்கின்றாள் எளிய குடிப்பெண் ஒருத்தி. பின்னர் அச்சொல் மணமாகாத பெண்டிர் அனைவர்க்கும் பரவியது. அறுபது அகவை எய்திய ஆசிரியையும், மணமாகாதவராயின், 'சிறு' தலைவியே! ஆடவர்க்கோ 'எர்' ஒன்றுதான். மணமாகாதவரை 'எர்லைன்' என்று அழைப்பாரில்லை. இந்த ஓரவஞ்சனையைச் சுட்டியே செருமானியப் பெண்டிர் எதிர்த்தெழுந்தனர். 1972-இல் மேற்குச் செருமனியின் உள்துறை அமைச்சகம் அச்சொல்லை அலுவல் வழக்கினின்று நீக்கியது. ஆங்கில 'மிசு' மணமாகாமையைக் காட்டும். குறுமை ஈற்றைக் காட்டாது. அதன்வழிக் கற்றவனுக்கு அப்பெண்டிரின் சினத்தில் ஒரு பாதி எங்ஙனம் புலப்படும்?

'மேட்சென்' என்பதும் இத்தகையதே. 'மாக்டு' என்னும் சொல்லடியாகப் பிறந்தது. முன்பு கன்னியைக் குறித்த 'மாக்டு', பின்பு வேலைக்காரியைக் குறிக்கலாயிற்று. ஆங்கில 'மெய்டு' அதற்கு உறவுச் சொல், வீழ்ச்சியிலும் உறவே! 'சென்' ஈறு பெற்ற பெயரெல்லாம் செருமானியத்தில் அலிப்பாலாம். கிழங்கு பெண்பால், பெண்ணோ பாலற்றவள் என்று அமெரிக்க எழுத்தாளர் மார்க்கு துவெயின் 1880-இல் எள்ளினார். நாம் உடன்நகைக்க வேண்டா. 'குழந்தை அழுகிறது' என்று அஃறிணை வினை கொடுப்பவர் நாம்.

'திர்னெ' இன்னும் இழிந்தது. இளம்பெண் என்று பொருள்பட்ட அது, பொதுமொழியில் விலைமகளைக் குறிக்கின்றது. பவேரியர் வாயிலோ, அதன் குறுமை வடிவான 'திர்ண்டில்' இன்றும் சிறுமிக்கும் அவர்தம் மரபுடைக்கும் பெயர்.

ஆங்கிலத்தை இடைநிறுத்தாத செருமன்–தமிழ் அகரமுதலி நமக்கு வேண்டும். அதிலும் 'பிராய்லைன்' என்பதற்கு நேரே 'செல்வி' என்று மட்டும் எழுதி அமைவோமாயின், அதே பிழையைத் தமிழில் செய்தவராவோம். 'சிறு தலைவி, மணமாகாதவள், இன்று பெரிதும் வழக்கொழிந்தது' என்று முழுதும் எழுதுக.