“பால் இல்லை” என்னும் புரட்டு

தென்காசி, குற்றாலம் பக்கத்திலே ஒரு வீட்டில் பிள்ளை பிறந்துவிட்டால், பார்க்க வருகின்றவர்கள் தாயைக் கேட்கின்ற முதற் கேள்வி “உடம்பு எப்படி இருக்கு?” என்பதல்ல, “பால் இருக்காட்டி?” என்பதேயாகும். அதற்கு அந்தப் பெண் வாய் திறப்பதற்கு முன்பே வீட்டு ஆச்சி, “எங்கே இருக்கு? பிள்ளை வீர் வீர்னு கத்துதே” என்று சொல்லிவிடுகின்றாள். மாமியார், “இவ அம்மைக்கும் இப்படித்தானாம்” என்று தீர்ப்புக் கூறிவிடுகின்றாள். மூன்றாமவள், யார் கண்ணோ பட்டுவிட்டது என்கின்றாள். பொழுது விடிந்தால் புருஷன் கடைக்குப் போய் மாவு டப்பா வாங்கி வந்துவிடுகின்றான். இத்தனை பேர் கூடி நடத்திய இந்த விசாரணையில் பெற்றவளை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நாம் சொல்லுகின்றோம்: இந்தப் “பால் இல்லை” என்பது பெரும்பாலும் பொய். அது மாத்திரமல்ல, பொய்யாயிருந்ததை மெய்யாக்கிவிடுவதும் இந்தப் பேச்சேதான்.

எப்படியென்றால், பிறந்த அன்று குழந்தைக்கு ஒரு தடவைக்கு வேண்டியது ஒரு சிறு கரண்டி, இரண்டு சிறு கரண்டிப் பால்தான். அந்த அளவுக்குத்தான் அன்று சீம்பால் சுரக்கின்றது. பால் நிறைந்து வருவது இரண்டாம் நாள் முதல் நான்காம் நாளுக்குள். இது இயற்கையின் கணக்கு. இதை அறியாதவர்கள் முதல் நாளே குடம் குடமாய்க் கொட்டவில்லையே என்று தாயைக் குற்றஞ்சாட்டுகின்றார்கள். இறைத்த கிணறுதான் ஊறும் என்று பழமொழி பேசுகின்ற அதே வாய்கள்தான் இவை. குழந்தை சப்பச் சப்பத்தான் தாயுடம்பில் புரோலாக்டின் என்னும் நீர் பெருகிப் பால் சுரக்கின்றது. டப்பாப் பாலால் வயிறு நிறைந்த குழந்தை தாயிடம் சப்புவதில்லை; சப்பாததால் சுரப்புக் குறைகின்றது; குறைந்தவுடன், “பார்த்தீர்களா, நாங்கள் அன்றைக்கே சொன்னோமே!” என்கின்றார்கள். இதைவிடப் பெரிய பித்தலாட்டம் வேறு என்ன வேண்டும்?

இன்னொன்று. சுரந்த பால் இறங்கி வருவதற்கு ஆக்சிடோசின் என்னும் வேறொரு நீர் வேண்டும். அச்சம், வெட்கம், வலி, கவலை ஆகிய இவை அதைத் தடுத்துவிடுகின்றன. ஆகவே “உனக்கு இல்லை, உன்னால் ஆகாது” என்று நாள் முழுதும் ஓதுகின்றவர்கள், வெறும் பேச்சாலேயே பிள்ளையின் பாலைத் தடுக்கின்றார்கள். கண்ணேறு என்று ஒன்றிருந்தால் அது இதுதான். அது கண்ணிலே இல்லை, நாக்கிலே இருக்கின்றது!

நிற்க, நமது வழக்கங்களின் யோக்கியதையைப் பாருங்கள். பிறந்தவுடன் “சேனை” வைப்பதென்று தேனும் சர்க்கரைத் தண்ணீரும் நாக்கில் தடவுகின்றோம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேனால் கொடிய நச்சு நோய் வரக்கூடும் என்று வைத்தியர்கள் எச்சரிக்கின்றார்கள். தெருவிலே வருகின்ற கழுதைப்பாலுக்குக் காசு கொடுக்கின்றோம். நோயைத் தடுக்கும் சத்து நிறைந்த சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டுகின்றோம். கழுதையிடம் உள்ள நம்பிக்கை பெற்ற தாயிடம் இல்லாமற் போனதைச் சொல்ல நமக்கே வெட்கமாயிருக்கிறது.

இந்த அவநம்பிக்கையே டப்பா வியாபாரத்தின் முதல். 1939-ல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்திலே டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்னும் அம்மையார் “பாலும் கொலையும்” என்று தலைப்பிட்டே பேசி, டப்பாப் பால் பிரசாரத்தால் குழந்தைகள் மடிவதை வியாபாரிகளின் முகத்துக்கெதிரே கண்டித்தார். உலக சுகாதாரச் சபை விற்பனை விதிகள் செய்தது 1981-ல். நம் நாட்டிலே 1992-ல் சட்டம் பிறந்தது. குழந்தைப் பால் மாவுக்கு விளம்பரம் கூடாது, தாய்மாருக்கு மாதிரி டப்பா இனாம் தரக்கூடாது என்று அது தடுக்கின்றது. ஆனால் மாமியார் வாயால் நடக்கின்ற விளம்பரத்தை எந்தச் சட்டம் தடுக்கும்?

“இப்போது எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தானே?” என்று சிலர் கேட்கக்கூடும். உண்மைதான். 2019–21 தேசிய குடும்பநலக் கணக்குப்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99 பிரசவம் ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றது. ஆனால் முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் நூற்றுக்குச் சுமார் 60 தான். நூற்றுக்குச் சுமார் 45 பிரசவம் வயிற்றைக் கிழித்தே நடக்கின்ற நாட்டில், தையல் வலியோடு படுத்திருப்பவளுக்குக் கைகொடுத்துப் பிள்ளையை அணைத்துவைக்க ஓர் ஆள் வேண்டாமா? 2015-ல் நமது சர்க்கார் பஸ் நிலையங்களில் பாலூட்டும் அறை திறந்தது நல்ல காரியமே. ஆனால் நம்பிக்கையிழந்த தாய் அந்த அறைக்குள் போய் என்ன செய்வாள்?

ஆகவே வேண்டியது உபதேசமல்ல, தைரியம். உலக சுகாதார நிறுவனம் 2018-ல் சொன்னபடி கர்ப்ப காலம் தொடங்கி ஆறு தடவையாவது தாயுடன் உட்கார்ந்து பேசவேண்டும். பேசுவதென்றால் அதட்டுவதல்ல, முதலில் அவள் சொல்வதைக் கேட்க வேண்டும். அவள் சரியாய்ச் செய்வதைச் சரியென்று சொல்லவேண்டும். பிள்ளை வாயை அகலத் திறந்து கருவட்டத்தோடு கவ்வுகின்றதா என்று பார்த்துத் திருத்தவேண்டும். முதல் வாரம் கழிந்தபின் நாளொன்றுக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் போய், எடையும் ஏறுகின்ற பிள்ளைக்குப் பால் போதும் என்று அவளுக்கே கணக்குக் காட்டவேண்டும். அழுகையெல்லாம் பசியல்ல என்று வீட்டாருக்கும் சொல்லவேண்டும். மெய்யாகவே பால் போதாத தாய்மாரும் சிலர் உண்டு. அவர்களுக்கு வைத்தியம் வேண்டும்; பழி கூடாது.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. தென்காசி, ஆலங்குளம், கடையம் பக்கங்களில் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகின்ற பெண்கள் எத்தனை பேர்! எண்ணிக் கொடுத்த பீடிக்குத்தான் கூலி. பிள்ளைக்குப் பால் கொடுத்த நேரத்துக்கு யார் கூலி தருகின்றார்கள்? “கொடு, கொடு” என்று அவளுக்குப் புத்தி சொல்லுகின்ற புருஷன், தண்ணீர் சுமந்தானா? சோறு பொங்கினானா? ஓயாமல் பேசும் உறவினரை வாசலோடு நிறுத்தினானா?

தென்காசியிலே உலகம்மனுக்குத் தேர் இழுக்க ஆயிரம் கைகள் வருகின்றன. பெற்ற அம்மைக்குத் தேறுதல் சொல்ல ஒரு வாய் வராதா? அடுத்த முறை பிள்ளை பார்க்கப் போகின்ற தோழர்கள், “பால் இருக்கா?” என்று கேட்பதை விட்டு, “உனக்கு என்ன செய்யவேண்டும் அம்மா?” என்று கேட்பார்களாக. பெண்ணுக்குத் தன் உடம்பின்மேல் நம்பிக்கையில்லாமற் செய்துவிட்டு, அந்த வீட்டிலே சுயமரியாதை பேசுவதில் என்ன பிரயோஜனம்?