கடிதங்களை அடுத்தவன் வீட்டில் வைக்காதேங்கோ

போன சனிக்கிழமை சாண்ட்ரிங்கம் கடைத்தெருவில் மரக்கறி வாங்கிக்கொண்டு நிற்க, தெரிந்த தம்பி ஒருவர் பிடித்துக்கொண்டார்.

"அண்ணை, என்ர ஜிமெயில் நிரம்பிட்டுதாம். மாசாமாசம் காசு கட்டு எண்டு நிக்குது. கட்டுறதோ, இல்லாட்டிப் பழசெல்லாத்தையும் அழிக்கிறதோ?"

பழசு என்றால் என்ன என்று கேட்டேன். 2005இலிருந்து வந்தவையாம். ஊர்க் கடிதங்கள், கலியாணப் படங்கள், விசா அலுவலாக எழுதியவை எல்லாம் அதற்குள்தான் கிடக்கிறதாம். "ரெண்டும் வேண்டாம். எல்லாத்தையும் வீட்டை கொண்டு வாரும்" என்றேன். ஆள் முழித்தார். மரக்கறிக் கடையில் நின்று சொல்லி முடிக்கிற விசயமில்லை. அதுதான் இந்தப் பதிவு.

முதலில் என்ர கதை. 2002இல் சமாதான காலம். அம்மா யாழ்ப்பாணத்தில், நான் இங்கே. மருமகன் பெடியன் ரவுணில் இருந்த இணையக் கடைக்குப் போய், அம்மா சொல்லிவிட்டதை ஆங்கில எழுத்தில் தமிழாக அடித்து அனுப்புவான். மாமரம் காய்த்தது, பக்கத்து வீட்டுக்காரர் கிணறு இறைத்தது எல்லாம் வரும். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: நேரத்துக்குச் சாப்பிடு.

அது ஒரு இலவச முகவரி. பிறகு வேறு முகவரிக்கு மாறிவிட்டேன், பழையதைத் திறக்கவில்லை. அம்மா மோசம்போன பிறகு ஒருநாள் அந்தக் கடிதங்களைத் தேடிப் போனேன். பெட்டி வெறுமை. நீண்டகாலம் திறக்காததால் அழித்துவிட்டார்களாம். கொம்பனியின் பெயர் தேவையில்லை. நிபந்தனையில் எழுதித்தான் இருந்தது. நான்தான் வாசிக்காமல் 'சம்மதம்' அழுத்தியவன்.

1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு ஓடியபோது அப்பாவின் கடிதக் கட்டை விட்டுவிட்டு வந்தோம். அதற்குச் சண்டையைக் குற்றம் சொல்லலாம். இதற்கு யாரைச் சொல்கிறது?

இது எனக்கு மட்டும் நடக்கிற காரியம் என்று நினைக்காதேங்கோ. இரண்டு வருடம் எட்டிப் பார்க்காத தனியார் கணக்குகளை உள்ளே இருப்பதோடு சேர்த்து அழிக்கலாம் என்று கூகிள் 2023இல் விதி கொண்டுவந்தது. இந்த நாட்டிலேயே 2017 நவம்பர் 30ஆம் திகதியோடு வொடஃபோன் தன் மின்னஞ்சல் சேவையை மூடியது. ஐஹக், பரடைஸ், கிளியர் என்று தொண்ணூறுகளிலிருந்து சனம் வைத்திருந்த முகவரிகளும் அதோடு போயின. புதிதாக வருகிற கடிதங்களை வேறு முகவரிக்குத் திருப்பிவிட வசதி கொடுத்தார்கள். பழையவற்றை அவரவர்தான் காப்பாற்ற வேண்டியிருந்தது.

எங்கட ஆட்களில் எனக்கு வருகிற கோபம் இதுதான். 1981இல் யாழ் நூலகம் எரிந்ததைப் பற்றி ஒவ்வொரு வருடமும் பேசுகிறோம். 2005இலிருந்து நூலகம் திட்டக்காரர் பழைய பத்திரிகைகளையும் புத்தகங்களையும் தேடித்தேடி எண்ணிமப்படுத்துகிறார்கள், நாங்கள் கை தட்டுகிறோம். ஆனால் எங்கட தலைமுறையின் கடிதம் கடதாசியில் இல்லை. அது எங்கோ ஒரு கொம்பனியின் கணனியில் கிடக்கிறது. அதை இறக்கி வைக்க ஒரு பின்னேரம் செலவழிக்கப் பஞ்சிப்படுகிறோம்.

இதற்குக் காசு தேவையில்லை. தண்டர்பேர்ட் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. மொசில்லாக்காரர் 2004 டிசம்பரில் முதலாம் பதிப்பை விட்டார்கள். 2012இல் அதில் இனி அதிகம் மினைக்கெடப் போவதில்லை என்று மொசில்லா அறிவித்தபோதும் தொண்டர்கள் கைவிடவில்லை. இன்று மொசில்லா அறக்கட்டளையின் கீழுள்ள ஒரு நிறுவனம், பாவனையாளர் கொடுக்கும் நன்கொடையில் நடத்துகிறது. ஒருகாலத்தில் 'தமிழ் (இலங்கை)' என்றே இதற்குத் தனி மொழிப்பொதி வந்தது என்பதையும் சொல்லவேண்டும்.

"விண்டோசோடு வந்த மெயில் இருக்குத்தானே" என்பீர்கள். அதற்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2024 டிசம்பர் 31ஓடு நிறுத்திவிட்டது. அதற்குப் பதிலாக வந்த புதிய அவுட்லுக்கின் இலவச வடிவில் விளம்பரம் வரும். அதில் ஜிமெயிலைச் சேர்த்தால் உங்கள் கடிதங்களின் பிரதி மைக்ரோசொஃப்டின் கணனிக்கும் போகும். ஒரு அடுத்தவன் வீடு போதாதென்று இன்னொன்று.

தொடங்குவது இப்படி. தண்டர்பேர்ட் தளத்திலிருந்து தரவிறக்கி நிறுவுங்கோ. விண்டோஸ், மக், லினக்ஸ் மூன்றுக்கும் உண்டு. பெயரையும் முகவரியையும் கொடுத்தால் மிச்ச அமைப்புகளைப் பெரும்பாலும் அதுவே கண்டுபிடிக்கும். ஜிமெயில் என்றால் கூகிளின் உள்நுழைவுப் பக்கம் வரும், அங்கே அனுமதி கொடுக்கவேண்டும். கொஞ்ச நேரத்தில் கடிதங்கள் வரத் தொடங்கும்.

இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கடிதம் கண்ணுக்குத் தெரிந்தவுடன் வீட்டுக்கு வந்துவிட்டது என்று நினைக்கவேண்டாம். வழமையாக இது ஐமேப் என்ற முறையில் இணையும். அது கண்ணாடி மாதிரி. அங்கே அழிந்தால் இங்கேயும் அழியும். ஆகவே இடப்பக்கத்தில் 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' என்று இருப்பதன் கீழ் ஒரு புதிய கோப்புறை திறவுங்கோ. வேண்டிய கடிதங்களைத் தெரிவுசெய்து, வலது பக்கம் கிளிக் பண்ணி, 'கொப்பி டு' மூலம் அதற்குள் போடுங்கோ. 'மூவ்' வேண்டாம், 'கொப்பி'. இனித்தான் அது உங்கள் வன்தட்டில் இருக்கிறது.

ஜிமெயில் இந்த வழியால் ஒரு நாளைக்கு 2,500 மெகாபைட் வரைதான் இறக்க விடும். நிறைய வைத்திருப்பவர்களுக்குச் சில நாள் எடுக்கும். அவசரப்படாதேங்கோ, அம்மா அப்பா கடிதங்களில் தொடங்குங்கோ.

வன்தட்டும் ஒருநாள் சாகும் என்பது உண்மைதான். அதற்கும் வழி இருக்கிறது. ஹெல்ப் மெனுவில் 'ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' போனால் 'புரொஃபைல் ஃபோல்டர்' எங்கே என்று காட்டும். தண்டர்பேர்ட்டை மூடிவிட்டு, அந்தக் கோப்புறையை அப்படியே ஒரு வெளி ஹாட் டிஸ்க்கில் பிரதி எடுங்கோ. இரண்டு பிரதி எடுத்து ஒன்றைச் சகோதரங்களிடம் கொடுத்தால் இன்னும் நல்லது. பிரதியைத் திறந்து பார்த்துச் சரி என்று கண்ட பிறகுதான் ஜிமெயிலில் இருக்கும் பாரமான பழசுகளை அழிக்கவேண்டும்.

"எல்லாம் போனில இருக்கு, ஏன் இந்தக் கரைச்சல்" என்று கேட்பவர்களுக்கு ஒன்று. உங்கள் போனிலுள்ள ஜிமெயிலைத் திறந்து, இணையத்தை நிறுத்திவிட்டு, 2006இல் வந்த ஒரு கடிதத்தைத் தேடிப் பாருங்கோ. பெரும்பாலும் கிடைக்காது. அது போனில் இல்லை. போன் அதை எட்டிப் பார்க்கிற யன்னல் மட்டும்தான்.

காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் என்று பையில் சுற்றிக்கொண்டு ஓடித் திரிந்த சனம் நாங்கள். கடதாசியின் பெறுமதி எங்களுக்குத் தெரியாததல்ல.

அந்தத் தம்பிக்கு அடுத்த ஞாயிறு நேரம் கொடுத்திருக்கிறேன், மடிக்கணனியோடு வருகிறார். ஒக்லாந்தில் இருக்கிற வேறு ஆருக்கும் ஏலாவிட்டால் அதேநேரம் வாங்கோ. காசு வேண்டாம். தேத்தண்ணியும் நானே போட்டுத்தருகிறேன்.