பிள்ளை பிறந்ததும் மறந்துபோகும் இரத்த அழுத்தம்

கர்ப்ப காலத்தில் ‘டாரா திங்கி’ என்று தெரிந்தால், நம் வீடுகளில் சொல்லும் ஆறுதல் ஒன்றுதான்: “பிள்ளை பிறந்துவிட்டால் சரியாகிவிடும்.” பெரும்பாலோருக்குப் பிரசவத்திற்குப் பின் சில வாரங்களில் அழுத்தம் இறங்கிவிடுகிறது. ஆனால், ஆபத்து அத்துடன் முடிவதில்லை.

கர்ப்பத்தின் 20ஆவது வாரத்திற்குப் பிறகு இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் ஏறி, சிறுநீரில் புரதமும் வெளியேறினால் அது பிரீஎக்லாம்சியா. இதற்கு ஆளான தாய்மார்களுக்குப் பிற்காலத்தில் இரத்தக் கொதிப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்று, நான்கு மடங்கு அதிகம். இதய நோயும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு. அமெரிக்க இதயச் சங்கம் 2011ஆம் ஆண்டிலேயே இதைப் பெண்களின் இதய நோய்க்கான அபாயக் காரணிகளில் ஒன்றாகச் சேர்த்தது.

நம் நாட்டில் கர்ப்பிணிகளுக்கான கவனிப்பில் குறை சொல்ல முடியாது. அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் தொடர் பரிசோதனை உண்டு; பிரசவத்திற்குப் பின் தாதியர் வீடு தேடியும் வருகிறார்கள். அதன் பிறகு ‘பிங்க் புத்தகம்’ அலமாரிக்குள் போய்விடுகிறது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான பெக்கா பி40 இலவசப் பரிசோதனை 40 வயதில்தான் தொடங்குகிறது. 28 வயதில் பிரீஎக்லாம்சியா கண்ட தாய்க்கு இடையில் 12 ஆண்டுகள்! அக்காலத்தில் பிள்ளையைத் தடுப்பூசிக்குத் தவறாமல் தூக்கிச் செல்பவர், தம் கையை நீட்டி அழுத்தம் பார்ப்பதில்லை.

இந்த இடைவெளியைத்தான் அடைக்க வேண்டும். பிள்ளைக்கு ஊசி போடும் நாளிலேயே தாய்க்கும் அழுத்தம் பார்க்கலாம். கர்ப்பத்தில் இந்நோய் கண்டவர்களுக்கு வயது பாராமல் இலவசப் பரிசோதனை வழங்குவது குறித்தும் அரசாங்கம் பரிசீலிக்க வேண்டும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. ஆண்டுக்கு ஒரு முறையாவது இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பாருங்கள். எந்த டாக்டரிடம் போனாலும், “கர்ப்பத்தில் எனக்கு அழுத்தம் கூடியிருந்தது” என்று நீங்களே சொல்லுங்கள். அடுத்த கர்ப்பம் என்றால் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். 12ஆவது வாரத்திற்குப் பின் டாக்டர் தரும் குறைந்த அளவு ஆஸ்பிரின், நோய் திரும்பும் வாய்ப்பைக் குறைக்கக்கூடும்.

மூச்சுத் திணறல், காரணமில்லாத களைப்பு, நெஞ்சில் இறுக்கம் வந்தால் ‘காற்று’ என்று தைலம் தேய்த்துப் படுக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அம்மாவின் பழைய பிங்க் புத்தகம் வீட்டில் இருந்தால், இன்றே எடுத்துப் பாருங்கள்.