எங்கள் பெயரில் சீட்டுக் கிழிக்காதீர்கள்

சென்ற இதழில் ‘மாற்றுத்திறனாளிகளுக்கு ஒரு லாட்டரி’ என்று எழுதியிருந்தவருக்கு முதலில் ஒரு நன்றி. எங்களை நேரடியாக ஏலம் விடலாம் என்று அவர் சொல்லவில்லை. தமிழக அரசு லாட்டரியை மறுபடி தொடங்க வேண்டுமாம், இந்தமுறை சூதாட்டமாக இல்லாமல் சேவையாக. முதல் பரிசு வீடு, இரண்டாம் பரிசு கார், வசூல் முழுவதும் எங்களுக்கு. சீட்டின்மேல் சக்கர நாற்காலியில் சிரித்தபடி ஒரு குழந்தையின் படம் இருந்தால் விற்பனை கூடும் என்று யோசனையும் சொல்லியிருக்கிறார். நானும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். சிரிக்கவில்லை.

‘வசூல் முழுவதும்’ என்கிறாரே, அங்கிருந்தே தொடங்குவோம். 2025 செப்டம்பர் 22 முதல் லாட்டரிக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம். கேசினோவும் குதிரைப் பந்தயமும் நிற்கிற அதே வரிசை. இவர் சேவை என்கிறார். வரி விதிக்கிறவர்களுக்கு அது எந்தக் குலம் என்று நன்றாகவே தெரிந்திருக்கிறது. 100 ரூபாய்ச் சீட்டில் வரி மட்டும் 28 ரூபாய் 57 காசு. அதில் சரிபாதி டெல்லிக்கு. பிறகு வீடும் காரும் வாங்க வேண்டும், ஏஜென்ட் கமிஷன், சில்லறை விற்பவர் கமிஷன், அச்சு, விளம்பரம். மிச்சம் எவ்வளவு தேறும் என்று அவரே ஒரு பென்சிலை எடுத்துப் போட்டுப் பார்க்கலாம். கட்டுரை எழுதும் முன்பே போட்டுப் பார்த்திருக்கலாம்.

டெல்லிக்குப் போகும் அந்தப் பதினாலு ரூபாய்ச் சொச்சத்தில் ஒரு வேடிக்கை உண்டு. ஊனமுற்றோர் ஓய்வூதியத்தில் மத்திய அரசின் பங்கு மாதம் 300 ரூபாய். 2012இல் 200 ரூபாயிலிருந்து 300 ஆனது; அதோடு நின்றுவிட்டது. அதுவும் 80 சதவீத ஊனம் இருக்க வேண்டும், வறுமைக் கோட்டுக்குக் கீழேயும் இருக்க வேண்டும். எங்கள் படத்தைப் போட்டு விற்கிற சீட்டில், எங்களுக்கு மாதம் 300 ரூபாய் எண்ணிக் கொடுக்கிற கஜானாவுக்கு ஒவ்வொரு முறையும் பதினாலு ரூபாய் போய்ச் சேரும். இதைச் சேவை என்று சொல்லத் தனித் துணிச்சல் வேண்டும்.

சீட்டை வாங்கப்போவது யார்? இரண்டாம் பரிசுக் காரை ஏற்கெனவே வாசலில் நிறுத்தியிருப்பவர் வாங்கமாட்டார். சித்தாள் வாங்குவார், ஆட்டோக்காரர் வாங்குவார், மகனின் காலிப்பருக்கு வழியில்லாத அப்பா வாங்குவார். எங்கள் வீடுகளில் பெரும்பாலானவை அந்த வரிசையில்தான் இருக்கின்றன. எங்கள் வீட்டுப் பணத்தையே எடுத்து, பெரும்பகுதியை வழியிலேயே பங்கு பிரித்துவிட்டு, மீந்ததை எங்களுக்குத் தருமம் என்று கொடுக்கிறார்கள். அதற்கு மேடை போட்டு நாங்கள் நன்றி வேறு சொல்ல வேண்டும். 1968இல் அண்ணா ஆட்சியில் அரசு லாட்டரி வந்தபோது ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்று சொன்னதைக் கட்டுரையாளர் கண்கலங்கி நினைவுகூர்கிறார். வீட்டுக்கு விழுந்தது யாருக்கென்று தெரியாது. விழுந்த வீடுகளைத் தெருவுக்குத் தெரு பார்த்த பிறகுதான் 2003 ஜனவரியில் இங்கே தடை வந்தது.

சரி, அவருடைய வெளிநாட்டுச் சாட்சிகளுக்கு வருவோம். ஜெர்மனியின் ‘ஆக்சியோன் மென்ஷ்’ லாட்டரியை ஒரு பத்தி முழுக்கப் புகழ்ந்திருக்கிறார். அது ஏன் பிறந்தது என்று ஒரு வரி இல்லை. 1957இல் குருனென்தால் என்ற நிறுவனம் தாலிடோமைட் கலந்த தூக்க மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மருத்துவர் சீட்டே இல்லாமல் கிடைத்தது, கர்ப்பிணிகளும் விழுங்கினார்கள். 1961 நவம்பரில் திரும்பப் பெறுவதற்குள் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் வளராமல் பிறந்துவிட்டார்கள். 1964இல் இசட்.டி.எஃப். தொலைக்காட்சி இந்த நிதி இயக்கத்தைத் தொடங்கியது. பாட்டும் புதிர்ப்போட்டியுமாக நிகழ்ச்சி, கூடவே சீட்டு. நாடே உருகியது, சீட்டு வாங்கியது.

மாத்திரை விற்றவர்கள் என்ன ஆனார்கள்? வழக்கு விசாரணையே 1968இல்தான் தொடங்கியது. 1970 டிசம்பரில் தீர்ப்பு எதுவும் இல்லாமல் கைவிடப்பட்டது. நிறுவனம் 10 கோடி மார்க் கொடுத்தது. பெற்றோர்கள் மேற்கொண்டு எதுவும் கேட்கமாட்டோம் என்று எழுதிக்கொடுத்தார்கள். அந்தப் பணம் 1997இல் தீர்ந்துபோக, அதன் பிறகு உதவித்தொகைச் சுமை அரசின் தலையில், அதாவது மக்கள் தலையில். நிறுவனம் வாய்திறந்து மன்னிப்புக் கேட்டது 2012இல். குற்றம் செய்தவர் கணக்கை முடிக்க அரை நூற்றாண்டு எடுத்துக்கொண்டபோது, குற்றத்தில் சம்பந்தமே இல்லாதவர்கள் சீட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள். கட்டுரையாளர் நமக்கு எடுத்துக்காட்டும் முன்மாதிரியின் வேர் இது.

அந்தக் குழந்தைகளும் அவர்களைப் போன்றவர்களும் வளர்ந்து என்ன சொன்னார்கள் என்பதும் கட்டுரையில் இல்லை. 1981 சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டு. ஜனவரியில் டார்ட்மண்ட் நகரில் தொடக்க விழா. குடியரசுத் தலைவர் கார்ஸ்டென்ஸ் பேச வேண்டிய மேடையை ஊனமுற்றவர்களே ஏறிப் பிடித்துக்கொண்டார்கள். சில மாதங்கள் கழித்து டுசல்டார்ஃபில் ஃபிரான்ஸ் கிறிஸ்டோஃப் என்ற போலியோ பாதித்த போராளி தன் ஊன்றுகோலாலேயே அதே தலைவரை அடித்தார். அடித்தது சரி என்று வாதாட வரவில்லை. ஆனால் லாட்டரியால் நெஞ்சு குளிர்ந்திருக்க வேண்டிய ஒருவர் ஏன் ஊன்றுகோலை ஓங்கினார் என்று கேட்கவாவது வேண்டாமா? எங்களைக் காட்டிப் பணம் சேர்க்கிறீர்கள், அந்தப் பணத்தில் எங்களை ஊருக்கு வெளியே தனி விடுதியிலும் தனிப் பட்டறையிலும் வைக்கிறீர்கள் என்பதுதான் அந்த இயக்கத்தின் கோபம். ஊனத்தின் பெயரால் எவரையும் பாகுபடுத்தக்கூடாது என்ற வாசகம் 1994இல் ஜெர்மன் அரசியல் சட்டத்தில் ஏறியது. அதைக் குலுக்கலில் யாரும் பரிசாகப் பெறவில்லை. லாட்டரி நிறுவனம்கூட அந்தக் கோபத்தைக் கேட்டுத் திருந்தியது, 2000இல் பழைய பெயரையே மாற்றிக்கொண்டது. அந்த நேர்மையை ஒப்புக்கொள்கிறேன். நம் கட்டுரையாளரோ அவர்கள் கழற்றிப் போட்ட பழைய சட்டையைத் தேடி எடுத்து நமக்குப் போட்டுவிடப் பார்க்கிறார்.

பணக்கணக்கிலும் ஜெர்மனி அவருக்குக் கைகொடுக்காது. அங்கே இப்படிப்பட்ட லாட்டரிகள் நற்காரியத்துக்குக் கொடுத்தே ஆகவேண்டியது வருவாயில் 30 சதவீதம். கொடுக்க மனமிருப்பவர் 30 யூரோவை நேராகக் கொடுத்துவிட்டு 70 யூரோவைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாமே.

ஸ்பெயின் இன்னும் மோசமாக அவர் காலை வாருகிறது. ‘ஓன்சே’ அமைப்பு 1938 டிசம்பரில், உள்நாட்டுப் போரின் நடுவே, ஃபிராங்கோ தரப்பின் ஆணையால் உருவானது. பார்வையற்றவர்களுக்கு அது சீட்டு விற்கும் உரிமையைத் தந்தது. கொடுக்கக் காசில்லாத அரசு கொடுத்த உரிமை. இன்று அங்கே சீட்டு விற்பவர் ஓன்சேயின் ஊழியர். மாதச் சம்பளம், சமூகப் பாதுகாப்பு, விடுமுறை எல்லாம் உண்டு. அமைப்பின் தலைமைக் குழுவைப் பார்வையற்ற உறுப்பினர்களே 1982 முதல் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் கட்டுரையாளர் முன்மொழியும் குழுவில் ஓய்வுபெற்ற நீதிபதி இருக்கிறார், தொழிலதிபர் இருக்கிறார், ஒரு சினிமா நட்சத்திரமும் இருக்கிறார். எங்களில் ஒருவருக்கும் நாற்காலி இல்லை. நாற்காலியை நாங்களே கொண்டுவருவோம் என்று நினைத்திருப்பாரோ என்னவோ.

அவர் சொன்னதில் எனக்கு உறைத்தது ஒன்றே ஒன்று: தடை வந்தபோது பஸ் ஸ்டாண்டிலும் கடைவீதியிலும் சீட்டு விற்ற ஊனமுற்றவர்களின் பிழைப்பும் போனது. உண்மை. ஆனால் அந்தப் பிழைப்பு எப்படிப்பட்டது? இன்றைக்குக் கேரளத்துக்குப் போய்ப் பார்க்கலாம். 1967இல் தொடங்கிய அரசு லாட்டரி அங்கே இன்னும் நடக்கிறது. மூன்று சக்கர வண்டியிலும் வெள்ளைக் கோலோடும் விற்கிறவர்கள் நிறைய. சீட்டைத் தன் கைக்காசு போட்டு எடுக்க வேண்டும். மழை பெய்தாலும் காய்ச்சல் வந்தாலும் குலுக்கல் நேரம் தாண்டிவிட்டால் விற்காத சீட்டு வெறும் காகிதம், நட்டம் விற்பவருக்கு. பார்வையில்லாத விற்பனையாளரிடம் நகல் எடுத்த சீட்டைக் காட்டிப் பரிசுப் பணம் வாங்கிப் போனவர்கள் பற்றிய செய்தி அங்கே திரும்பத் திரும்ப வருகிறது. அரசு வேலையில் எங்களுக்கு 4 சதவீதம் என்று சட்டம் சொல்லும்போது, வெயிலில் சீட்டு விற்பதை வேலைவாய்ப்புத் திட்டம் என்று ஒருவர் எழுதுகிறார்.

‘அரசிடம் பணம் இல்லை’ என்பதுதான் அவருடைய கடைசிச் சீட்டு. 2016ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தைப் புரட்டியாவது பார்த்திருக்கலாம். மற்றவர்களுக்கான சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் என்ன தொகையோ, அதைவிட 25 சதவீதமாவது கூடுதலாக எங்களுக்குத் தரவேண்டும் என்கிறது பிரிவு 24. ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களை விதிகள் வந்த ஐந்தாண்டுக்குள் நாங்கள் ஏறி இறங்கத் தக்கதாக மாற்ற வேண்டும் என்கிறது பிரிவு 45. விதிகள் வந்தது 2017 ஜூனில், கெடு முடிந்தது 2022 ஜூனில். அணுகல் விதிகளை விருப்பமிருந்தால் செய்யலாம் என்று எழுதிவைத்திருந்ததைச் செல்லாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சென்னையில் தாழ்தளப் பேருந்து ஓடுவதற்கே உயர் நீதிமன்றத்தின் படி ஏற வேண்டியிருந்தது. இவற்றில் எதற்கும் ‘சீட்டு விற்றுப் பணம் வந்தால்’ என்று நிபந்தனை கிடையாது. எங்களுக்கென்று மாநில நிதி ஒன்று வைக்கவும் அதே சட்டத்தின் பிரிவு 88 வழி சொல்கிறது. அதில் இதுவரை எவ்வளவு போட்டார்கள், எவ்வளவு செலவழித்தார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க 10 ரூபாய்க் கட்டணம்தான் ஆகும். கட்டுரையாளர் முதலில் அந்த மனுவைப் போடட்டும். பதில் வந்ததும் குலுக்கல் தேதியைப் பற்றிப் பேசுவோம்.