வேர்க்காத கேக்



மகளின் பிறந்த நாளுக்கு நானே கேக் சுட்டு, ஃபாண்டன்ட் என்னும் சீனிப் போர்வை போர்த்தி, இரவெல்லாம் குளிர்பெட்டியில் வைத்திருந்தேன். காலையில் எடுத்ததும் கேக் முழுவதும் வேர்த்துவிட்டது! பதறிப்போய்த் துணியால் துடைத்தேன். அவள் பெயரே அழிந்துபோனது. பிள்ளை முகத்தைப் பார்க்க முடியவில்லை.

உங்களுக்கும் இப்படி ஆனதுண்டா? குற்றம் உங்கள் கையில் இல்லை. நம் ஜொகூர்க் காற்றில் ஈரம் அதிகம். குளிர்ந்த கேக்கின்மேல் அது நீராகப் படியும். சீனி அதை இழுத்துக்கொண்டு கசியும். நவம்பரில் தொடங்கும் மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம்.

இப்படிச் செய்து பாருங்கள்.

கேக்கை முதல் நாளே சுட்டு ஆறவையுங்கள். வெண்ணெய்க் கிரீமைச் சமமாகப் பூசுங்கள்; அடியில் உள்ள மேடுபள்ளம் மேலேயும் தெரியும். ஃபாண்டன்டை நன்றாகப் பிசைந்து, 3 அல்லது 4 மில்லிமீட்டர் கனத்தில் தேயுங்கள். சோளமாவை அளவோடு தூவுங்கள். மிஞ்சினால் காய்ந்து வெடிக்கும். போர்த்தியதும் மேற்பரப்பை முதலில் தடவி, பிறகு பக்கங்களுக்கு வாருங்கள். மடிப்பை இழுக்காதீர்கள், விரித்துவிட்டு அழுத்துங்கள். காற்றுக் குமிழியைச் சுத்தமான ஊசியால் குத்தித் தடவினால் மறைந்துவிடும்.

வெண்ணெய்க் கிரீம் மட்டும் பூசிய கேக்கை விசிறி ஓடும் அறையிலேயே ஓர் இரவு வைக்கலாம். பாலேடோ பழமோ உள்ளே வைத்தால் குளிர்பெட்டிதான். அப்போது அட்டைப் பெட்டியில் நன்றாக மூடி வையுங்கள். வெளியே எடுத்த பிறகும் சற்று நேரம் திறக்காதீர்கள். நீர் பெட்டியின்மேல் படியும், கேக் தப்பிக்கும்.

அப்படியும் வேர்த்தால் தொடாதீர்கள். விசிறிக் காற்றில் தானே உலர்ந்துவிடும். நான் துணியை எடுக்காமல் இருந்திருந்தால் என் மகள் பெயரும் தப்பியிருக்கும்!