எலும்பின் தலையெழுத்து ஒரே மரபணுவில் இல்லை

அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்த பிறகு, “உங்களுக்கும் வரலாம், வைட்டமின் டி மரபணுவைச் சோதித்துக்கொள்ளுங்கள்” என்று ஒரு பரிசோதனைக்கூடம் என்னிடம் சில ஆயிரம் ரூபாய் கேட்டது. மறுத்துவிட்டேன். எலும்புத் தேய்மானத்துக்குப் பயந்து யாரும் அதற்குச் செலவழிக்க வேண்டாம். (குழந்தைகளுக்கு வரும் அரிதான பரம்பரை ரிக்கெட்ஸ் வேறு விஷயம்.)

1994-ல் சிட்னியின் கார்வன் நிறுவன ஆய்வாளர்கள், வைட்டமின் டி ஏற்பி மரபணுவின் வேறுபாடுகளே எலும்பு அடர்த்தியைப் பெருமளவு தீர்மானிக்கின்றன என்று ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். பெரும் பரபரப்பு. 1997-ல் அவர்களே திருத்தம் வெளியிட்டார்கள்: சிலரின் மரபணு வகை தவறாகக் குறிக்கப்பட்டிருந்தது, உண்மையான தாக்கம் சிறியது. அந்த நேர்மையை மதிக்கிறேன். அந்தப் பழைய பரபரப்பை இன்றும் விற்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

பரம்பரைக்குப் பங்கு உண்டு. ஆனால் அது நூற்றுக்கணக்கான மரபணுக்கள் சேர்ந்து செய்யும் வேலை. அதனால்தான் “பெற்றோருக்கு இடுப்பு முறிந்ததா?” என்று மருத்துவர்கள் கேட்கிறார்கள். காசு செலவில்லாத கேள்வி அது. மாதவிடாய் நின்ற பெண்கள், நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் எல்லோரும் அந்தப் பதிலோடு மருத்துவரிடம் போங்கள். எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் வேண்டுமா என்று கேளுங்கள்.