தக்கோலத்துக்குப் பிறகும் வரலாறு உண்டு

கி.பி. 949இல் தக்கோலத்தில் சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்ததோடு கதையை முடித்துவிடுகிறோம். வென்ற இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் பல ஆண்டுகள் தொண்டை மண்டலத்தை ஆண்டதையும் திருவள்ளூர் மாவட்டப் பள்ளிகள் கற்பிக்க வேண்டும். அந்தப் போரைக் கன்னடத்து ஆதகூர்க் கல்வெட்டு கங்க மன்னன் பூதுகனின் வெற்றியாகச் சொல்கிறது; 1905இல் கிடைத்த நம் திருவாலங்காட்டுச் செப்பேடுகளோ இராசாதித்தனின் வீரமரணமாகப் போற்றுகின்றன. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் போர் முழுதாகப் புரியும்.

படையெடுத்து வந்தவனுக்கு நம் பாடத்தில் இடமா என்று கேட்கலாம். போரின் கொடுமையை மறைக்கச் சொல்லவில்லை. ஆனால் கோயில் கொடைகள் 'கன்னரதேவன்' என்று கிருஷ்ணனைக் குறித்து, அவன் ஆட்சியாண்டிட்டுத் தமிழிலேயே தொடர்ந்தன. இராசாதித்தனின் தோழராயிருந்து, அவனோடு மடிய முடியாத துயரில் துறவியான சதுரானன பண்டிதரே, திருவொற்றியூரில் தந்த கொடையைக் கிருஷ்ணனின் 20ஆம் ஆட்சியாண்டில்தான் பொறித்தார்.